ஒரு கைப்பிடி மரத்தூள்

மண்நாக்கைப் புதைப்பதற்கு முன் தன்ஷிகா சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டாள். பிறகு குழிக்குள் ஒரு கைப்பிடி மரத்தூளைப் போட்டு, அதன் நடுவே நாக்கைச் செருகி மூடினாள்.

விரல் நீளமுள்ள அந்தக் கருவி மண்ணில் உள்ள தழைச்சத்தைச் சுவைத்துச் சொல்லும். அதைக் கேட்டுப் பகிர்மானி என்ற இயந்திரம், மலையுச்சித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும் பாசன நீரோடு உரத்தை அளந்து விடும். உரம் கரைந்து ஏரி கெட்டுப்போன பிறகு வந்த சட்டம் அது. தொட்டியில் இருப்பது அத்தனை பேருக்கும் பொது, ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும். மரத்தூளை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் பக்கத்தில் உள்ள தழைச்சத்தையெல்லாம் தின்றுவிடும் என்பது தன்ஷிகாவுக்குத் தெரியும். நாக்குக்கு எப்போதும் பஞ்சம்தான் ருசிக்கும்.

அப்படியே நடந்தது. நாற்பதாம் நாள் அவள் செடிகள் இடுப்புயரம் கருகருவென்று நின்றன. அன்றே மலைச்சரிவில் அவளுக்கு அடுத்த கீழ்ப்படியில் பயிர் வைத்திருக்கும் கவின்ராஜின் பங்கைப் பகிர்மானி பாதியாக வெட்டியது.

"என்ன தங்கச்சி, என் வயித்துல அடிக்குது இந்த மிஷினு?" என்று அவர் வரப்பில் வந்து நின்றார். "இந்தப் போகமும் போச்சுன்னா மலைய விட்டு எறங்க வேண்டியதுதான்."

"அப்படியெல்லாம் ஆகாதுண்ணே," என்றாள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போன வருஷம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது அவள் தோட்டத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் கட்டியவர் அவர். அன்று இரவு, மறுநாள் போய் மரத்தூளைத் தோண்டி எறிந்துவிட வேண்டும் என்று நினைத்தாள். மறுநாள் செடிகளைப் பார்த்தாள், நினைப்பைத் தள்ளிப்போட்டாள். அடுத்த வாரம் அவர் பங்கு முழுவதுமாக நின்றது.

அறுவடையில் அவள் செடிகளைப் பிடுங்கினால் நெல்லிக்காய் பருமனில் நாலு கிழங்கு. தின்னக் கொடுத்ததையெல்லாம் இலையாகவே போட்டுவிட்டிருந்தது பயிர். செய்த பாவத்துக்கு இதுதான் கூலி என்று அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. கீழே இறங்கிப் போய் கவின்ராஜின் காலில் விழுந்துவிடத் தீர்மானித்தாள்.

அவரோ கூடை நிறையக் கிழங்கோடு மேலே ஏறி வந்தார். ஒவ்வொன்றும் கை கொள்ளாத பருமன்.

"பாத்தியா தங்கச்சி! ஒரு சொட்டு உரம் இல்ல. என் மண்ணு சத்து தானே ஊறுற மண்ணுன்னு மிஷினே சொல்லிருச்சு. இனிமே எனக்கு உரக் குழாயே வேணாமாம், அடைச்சுட்டாங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் செடி குடித்தது போக மிச்சமெல்லாம் பாசன நீரோடு கசிந்து அவர் நிலத்துக்கு இறங்கியிருக்கிறது. அவருடைய நாக்கு அதைச் சுவைத்து, மண்ணின் சொந்தச் சத்து என்று சொல்லியிருக்கிறது.

வாய் வரை வந்த வார்த்தையோடு வீட்டுக்குத் திரும்பி, கைபேசியில் பகிர்மானியை அழைத்து, அடைத்த குழாயைத் திறக்க முடியுமா, நாக்கை ஏமாற்றினால் என்ன ஆகும் என்று பொதுவாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"அடைத்த குழாயைத் திறக்க மூன்று போக அளவீடு தேவை," என்றது அது. "நாக்கை ஏமாற்றிய தோட்டத்துக்கும் மூன்று போகம் உரம் நிறுத்தப்படும். உங்கள் மண் சத்தில்லாமல் மிகவும் வறண்டிருக்கிறது, அம்மா. அடுத்த போகத்துக்குக் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறேன்."

அந்த அன்பான குரலைக் கேட்க அவளுக்கு அவமானமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் இரண்டு தோட்டமும் உரமில்லாமல் காயும். மரத்தூள் போடாமல் இருந்தால் அவர் தோட்டம் மட்டும் காயும், ஏனென்று அவருக்குத் தெரியாது. போட்டால் அவர் தோட்டம் விளையும், அவள் கிழங்கு மறுபடியும் நெல்லிக்காய்தான்.

அடுத்த நடவன்று அவள் குழிமுன் குந்தியிருந்தபோது கவின்ராஜ் எட்டிப் பார்த்தார்.

"கையில என்ன தங்கச்சி, மரத்தூளா?"

"மண்ணு இறுகாம இருக்கத்தாண்ணே."

"பாவம், ஒனக்குத்தான் எத்தனை பாடு," என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "என் மண்ணுக்கு அந்தக் கவலையே இல்ல."

அவர் போகும்வரை காத்திருந்துவிட்டு, தன்ஷிகா இன்னொரு கைப்பிடி சேர்த்துப் போட்டாள்.