மூலையில் இருக்கும் அக்கா

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு சுருங்கும். அதனால் சித்தப்பா எனக்கு வைத்திருக்கும் பெயரே மூக்கைச் சுருக்குவதுதான்.

சித்தப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் சைகையால் ஒரு பெயர் வைத்திருக்கிறார். அப்பா பேருந்து ஓட்டுகிறவர், அதனால் அவருக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பும் சைகை. அம்மாவுக்கு, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிடும் சைகை. அம்மா அப்படித் தூக்கி வைத்துவிட்டு வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடுவார்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் என் மூக்கு சுருங்கினது சுருங்கினபடியே இருந்தது. அதற்குக் காரணம் ஒரு நல்ல செய்தி. அப்பாவின் போனுக்கு வந்தது.

"வாழ்த்துகள்! உங்களுக்காக இன்னும் நிறைய எச்.டி. சேனல்கள்!" என்று எங்கள் டிஷ் கம்பெனி அனுப்பியிருந்தது. பழைய பெட்டிக்குப் பதிலாகப் புதுப் பெட்டியும் தருவார்களாம்.

மறுநாளே ஒருவர் வந்து புதுப் பெட்டியை மாட்டினார். அப்பா ரிமோட்டை வாங்கிக்கொண்டு சோபாவில் ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

"பாருங்க, பாருங்க! புலியோட மீசையை ஒவ்வொண்ணா எண்ணலாம் போல இருக்கு!"

"எண்ணி என்ன செய்யப் போறீங்க?" என்று அம்மா கேட்டார். ஆனால் அவரும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தார். நானும்தான். பொய் சொல்வானேன், படம் அத்தனை அழகு.

சாயங்காலம் சித்தப்பா வேலையிலிருந்து வந்தார். அவர் பட்டறையில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, செய்தி பார்க்க டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அந்தச் செய்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேஜைக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒருவர் வாசிப்பார். திரையின் கீழே வலது மூலையில், சின்னக் கட்டத்துக்குள் ஓர் அக்கா நின்றுகொண்டு எல்லாவற்றையும் சைகை மொழியில் சொல்வார். நாள் முழுவதிலும் அந்தச் செய்தியில் மட்டும்தான் அவர் வருவார். சித்தப்பா கோட்டுக்காரரை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அவருக்குச் செய்தி என்றால் அந்த அக்காதான்.

செய்தி முடிந்ததும் சித்தப்பா எங்களுக்கு அதை நடித்துக் காட்டுவார். வெள்ளம் என்றால் சோபாமேல் ஏறி நிற்பார். விலைவாசி என்றால் அம்மாவின் கைப்பையைத் திறந்து, உள்ளே பார்த்து, மயங்கி விழுவார். சித்தப்பாவிடம் செய்தி பார்த்தால் இரண்டாவது தடவை டி.வி.யில் பார்க்கத் தேவையே இல்லை.

அன்றைக்குச் செய்தி தொடங்கியது. கோட்டுக்காரர் வந்தார். அக்காவைக் காணோம்.

அக்கா இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் பட்டை. "இப்போது எச்.டி.யில்! கண்டு மகிழுங்கள்!" என்று எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் கண்ணடித்துக்கொண்டிருந்தது. பட்டைக்கு மேலே அக்காவின் தலை உச்சி தெரிந்தது. அவ்வப்போது ஒரு முழங்கை எட்டிப் பார்த்தது. கைகள் இரண்டும் பட்டைக்குப் பின்னால்!

"அது தானா போயிடும், இரு" என்றார் அப்பா.

போகவில்லை. புதிதாகச் சேர்த்த எல்லாச் சேனலிலும் அதே மூலையில் அதே பட்டை. பழைய சேனலுக்குப் போகலாம் என்றால், "இந்தச் சேனல் எச்.டி.க்கு மாறிவிட்டது" என்று ஒரு நீலத் திரை.

சித்தப்பா முழங்கையைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

என் மூக்கு சுருங்கியது அப்போதுதான்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். எண் ஒன்றை அழுத்து என்றது, அழுத்தினேன். மூன்றை அழுத்து என்றது, அதையும் அழுத்தினேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் புல்லாங்குழல் ஊத ஆரம்பித்தது. அந்தப் புல்லாங்குழலைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போன பிறகு ஒருவர் வந்தார்.

"வணக்கம். சொல்லுங்க, உங்களுக்கு என்ன பிரச்சினை?"

சொன்னேன்.

"படம் தெரியுதாம்மா?"

"தெரியுது."

"சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"அப்போ என்ன பிரச்சினை?"

"சார், சத்தம் கேக்காதவருக்குத்தான் சார் பிரச்சினை!"

"கீழே எழுத்து ஓடுமே, அதைப் படிக்கச் சொல்லுங்களேன்."

"அது வெறும் தலைப்பு சார். ஓட்டல்ல சாப்பாட்டுக்குப் பதிலா விலைப்பலகையைக் குடுத்தா உங்களுக்கு வயிறு நிறையுமா?"

"பெரியவங்க யாராவது இருந்தா போனைக் குடும்மா" என்றார். அப்பா வாங்கிப் பேசினார். அப்பாவிடமும் படம் தெரிகிறதா, சத்தம் கேட்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

போனை வைத்ததும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

தீர்க்கப்பட்டதாமே! நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

மறுநாள் அப்பா, "நான் இருக்கேன்ல, நானே சைகையில செய்தி சொல்றேன்" என்று டி.வி. பக்கத்தில் போய் நின்றார். அப்பா சைகை பேசினால் கையில் எறும்பு ஏறினதை உதறுவது போல இருக்கும். அமைச்சர் பாலத்தைத் திறந்து வைத்தார் என்ற செய்தியை அப்பா சொல்லி முடித்தபோது, அமைச்சர் பாலத்தைச் சாப்பிட்டுவிட்டார் என்று சித்தப்பாவுக்குப் புரிந்திருந்தது. எல்லாரும் சிரித்தோம். சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் அதற்கு அடுத்த நாள் செய்தி நேரத்துக்கு அவர் அறையை விட்டு வரவேயில்லை.

நான் போய்ப் பார்த்தேன். சட்டையில் ஒழுங்காக இருந்த பொத்தானைப் பிய்த்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தார்.

"விடு. உங்களுக்கெல்லாம் தெளிவாத் தெரியுதில்ல, அது போதும்" என்று கையால் சொன்னார்.

"எனக்குப் போதாது" என்று நானும் கையால் சொன்னேன். கோபத்தில் என் கை அவர் நூல்கண்டைத் தட்டிவிட்டது.

எங்கள் கடைத்தெருவில் அந்தக் கம்பெனிக்கு ஒரு ஷோரூம் உண்டு. சனிக்கிழமை கால்பந்து இறுதிப் போட்டி. "எங்கள் பெரிய திரையில் எச்.டி.யில் பாருங்கள், அனுமதி இலவசம்" என்று வாசலில் விளம்பரத் தட்டி வைத்திருந்தார்கள். சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே நாற்காலி போட்டுக் கூட்டம் நிறைந்திருந்தது. எங்கள் தெருவில் முடிவெட்டும் மாமா முன்வரிசையில் இருந்தார். டை கட்டிய மேலாளர் ஒருவர் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன்.

"ஓ, அந்தப் பட்டையா? விளம்பரம்மா அது. எதையும் மறைக்கக் கூடாதுன்னு எல்லாச் சேனலையும் பாத்துட்டுத்தான் அங்க போட்டாங்க. அந்த மூலையில ஒண்ணும் இல்லையே!"

"ஒண்ணும் இல்லையா?"

"ஆமா. ஸ்கோர் மேல இடது பக்கம் வரும். ஆடுறவங்க பேரு நடுவுல வரும். அந்த மூலை காலி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மூலையில் ஓர் அக்கா நிற்கிறார். அவர் கையில் என் சித்தப்பாவின் உலகம் முழுக்க இருக்கிறது. இவருக்கு அது காலி இடமாம்!

"முதல் பாதி முடியப் போகுது, போய் உக்காரு பாப்பா" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

நான் உட்காரவில்லை. சுவரோரம் மஞ்சள் அட்டைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். "கண்டு மகிழுங்கள்" என்று எழுதின அதே அட்டைகள். ஒன்றை எடுத்தேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெரிய திரைக்குப் பக்கத்தில் ஏறி நின்று, மேல் இடது மூலையில் ஸ்கோருக்கு நேராக அட்டையைப் பிடித்தேன்.

அந்த நேரம் பார்த்து யாரோ கோல் போட்டார்கள்.

"ஏய்! ஸ்கோர் தெரியலை!"

"யாரு பெத்த பிள்ளை இது? இறங்கச் சொல்லுங்க!"

"அட்டையை எடு பாப்பா!" முடிவெட்டும் மாமா சத்தம்தான் எல்லாரையும்விடப் பெரிது.

ஆனாலும் அட்டையை எடுக்கவில்லை.

"படம் தெரியுதா மாமா?"

"தெரியுது, அதுக்கென்ன?"

"சத்தம் கேக்குதா?"

"கேக்குது!"

"அப்போ என்ன பிரச்சினை? இந்த மூலையில ஒண்ணும் இல்லையே!"

மேலாளர் பாய்ந்து வந்தார். "என் வேலைக்கு உலை வைக்காதேம்மா, இறங்கு!"

"இத்தனூண்டு ஸ்கோரை மறைச்சதுக்கு இத்தனை பேர் கத்துறீங்களே, எங்க சித்தப்பாவுக்குச் செய்தியே மறைஞ்சு போச்சு. அவர் யார்கிட்ட கத்துவார்?"

கூட்டத்தில் சிலர் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு நான் பேசினது கேட்கவில்லை. ஆனால் அட்டையையும் என் மூக்கையும் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். நேராக வந்து, என் கையிலிருந்த அட்டையை மெதுவாக வாங்கினார். ஸ்கோர் தெரிந்ததும் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

சித்தப்பா என்னை இறக்கிவிட்டு, ஸ்டூலை ஓரமாக நகர்த்தினார். கூட்டத்தைப் பார்த்து நின்றார். அட்டையைத் தன் நெஞ்சுக்கு முன்னால் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அதன் பின்னால் கையை வைத்துக்கொண்டு எதையோ சொல்ல ஆரம்பித்தார். வேகமாக, நீளமாக, தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவர்களுக்குத் தெரிந்தது ஒரு தலையும், எப்போதாவது எட்டிப் பார்த்த முழங்கையும்தான்.

முதலில் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

முடித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்பது போலக் கையை விரித்தார்.

"என்னம்மா சொன்னார்?" என்று முடிவெட்டும் மாமா மெதுவாகக் கேட்டார்.

"எனக்கும் தெரியாது மாமா. நானும் பட்டைக்கு இந்தப் பக்கம்தானே நிக்கிறேன்."

அதற்குள் ஆட்டத்தில் இடைவேளை வந்துவிட்டது. முடிவெட்டும் மாமா எழுந்தார். "ஏன் சார், உங்க தலைமை ஆபீசுக்கு ஒரு போன் போட்டா என்ன?"

மேலாளர் போட்டார். பேசினார். தலையைச் சொறிந்தார். "ஒரே ஒரு புகாருக்காக எல்லாச் சேனல்லயும் மாத்த முடியாதுங்கறாங்க."

"ஒரே ஒரு புகாரா?" என்று மாமா தன் போனை எடுத்தார். "என் வீட்டுலயும் இவங்க டிஷ்தான்." பின்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் போனை எடுத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஷோரூம் முழுக்க எல்லாப் போனிலிருந்தும் அதே புல்லாங்குழல் ஊத ஆரம்பித்தது. சித்தப்பா என்னைப் பார்த்து, "எல்லாரும் ஏன் முகத்தை அப்படி வெச்சிருக்காங்க?" என்று சைகையில் கேட்டார்.

"பாட்டு கேக்கறாங்க சித்தப்பா. நீங்க தப்பிச்சீங்க" என்றேன்.

"போதும், போதும்! நிறுத்துங்க, நானே பேசறேன்!" என்று மேலாளர் மறுபடி தலைமை ஆபீசுக்குப் போன் போட்டார். இந்தத் தடவை டையைத் தளர்த்திக்கொண்டு பேசினார். "சார், நீங்க இங்க வந்து நின்னு பாருங்க சார்... இல்லை சார், காலி இல்லை. அங்க ஒருத்தங்க நிக்கறாங்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. முதல் தடவையாக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் பட்டை இருந்தது. மூன்று நாளும் நான் யாருடனும் சரியாகப் பேசவில்லை.

புதன்கிழமை செய்தி நேரத்தில் டி.வி.யைப் போட்ட அம்மா, "ஐயோ, ஓடி வாங்க!" என்று கத்தினார்.

பட்டை இல்லை. வலது மூலையில் அக்கா முழுசாக நின்றுகொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய்ச் சித்தப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவர் திரைக்கு வெகு பக்கத்தில் உட்கார்ந்தார். எச்.டி.யில் அந்த அக்காவை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. சைகை மொழியில் பாதிப் பேச்சு முகத்தில்தான் இருக்கிறது என்று சித்தப்பா எப்போதும் சொல்வார். இப்போது அக்காவின் புருவம் ஏறுவதும் இறங்குவதும்கூடத் தெரிந்தது. யாரோ ஒரு தலைவர் பேசினதைச் சொல்லும்போது அந்தப் புருவம் ஒரு பக்கமாக ஏறியது. சித்தப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"தெளிவா இருக்கா?" என்று அப்பா அவர் முன்னால் கையை ஆட்டினார்.

"என்ன சொல்றாங்க? எதுக்குச் சிரிச்சீங்க?" என்று அம்மா இந்தப் பக்கம் கையை ஆட்டினார்.

"இது முன்னைவிட நல்லா இருக்கா சித்தப்பா?" என்று நான் நடுவில் புகுந்து கையை ஆட்டினேன்.

சித்தப்பா எங்கள் கைகளுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில் பொறுமை போய், எங்களைத் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கையை மடியில வைக்கிறீங்களா?" என்றார். "நான் செய்தி கேக்கணும்!"