விரிசல் தொடங்கிய இடம்

உடைந்த மூசை ஒன்றைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு சாஜிதா பேகம் அம்புஜத்தின் அலுவலகப் படியேறினாள். அலுமினியம் உருக்கும் பானைகளான மூசைகளைச் செய்யும் பட்டறை ஒன்றை அவள் போத்தனூரில் நடத்திவந்தாள். அம்புஜம் ஆலை விபத்துகளின் காரணத்தைத் துருவிக் கண்டுபிடிப்பவர்.

"ஒரே வாரத்துல மூணு மூசை வெடிச்சுப்போச்சுங்க மேடம். துடியலூர்ல எங்க மூசை வாங்கற வார்ப்புப் பட்டறையில பிரான்சிஸ்னு ஒரு தொழிலாளிக்குக் கால் வெந்துபோச்சு. மூசையில ஈரம் இருந்துச்சுன்னு அங்கத்த சூப்பர்வைசர் மதன்குமார் சொல்றாருங்க. எங்க சூளை மாசாணண்ணன் பொறுப்பு. பதினாலு வருசத்துல ஒரு மூசை திரும்பி வந்ததில்ல. 'எங்கையிலதான் தப்பு'ன்னு சொல்லிப்போட்டு நேத்தே வேலைய உட்டுட்டாருங்க."

அம்புஜத்தின் உதவியாளர் குமாரசாமி துள்ளி எழுந்தார். "ஈரந்தானுங்க மேடம்! போன வாரம் பூரா மழை!"

அம்புஜம் சாக்கைப் பிரித்தார். மூசையின் வெளிப்பூச்சைத் தடவினார். சிறு செதில்கூடப் பெயராமல் மின்னியது. உட்சுவரில் எதிரெதிராக, ஒரே உயரத்தில், இரண்டு தழும்புகள். அவற்றில் ஒன்றிலிருந்து கிளம்பிய விரிசல் நெட்டுக்குத்தாக ஓடியிருந்தது.

போத்தனூரில் வேலை முழுவதையும் பார்த்தார். கிராபைட் தூளையும் களிமண்ணையும் பிசைந்து அச்சில் அழுத்துகிறார்கள்; பல நாள் நிழலில் உலர்த்துகிறார்கள்; மேற்பூச்சு பூசிச் சூளையில் சுடுகிறார்கள். வெடித்தவற்றோடு சுட்டதில் மீதமிருந்த ஒரு மூசையைச் சுண்டினார். நன்றாக வெந்ததற்கு அடையாளமாக வெண்கல மணிபோல ஒலித்தது.

"இதோட ஒண்ணா சூளையில வெந்தது வேற யாருக்குப் போச்சுங்க?"

"பீளமேட்டுக்கு ஆறு போச்சுங்க. எல்லாம் நல்லா ஓடுது."

குமாரசாமியின் முகம் சுருங்கியது.

துடியலூர் பட்டறையில் மதன்குமார் மரியாதையாகவே வரவேற்றார். உலையருகே ஒன்றே கால் அடி நீளத்தில் அலுமினியக் கட்டிகள் அடுக்கியிருந்தன. அம்புஜம் ஒன்றை அளந்தார். பிறகு கொண்டுவந்திருந்த உடைந்த மூசையின் உட்புறத்தைத் தழும்புக்குத் தழும்பு அளந்தார். அளவு ஒன்றேதான்.

"கட்டிய முழுசாப் போடுவீங்களா?"

"இல்லைங்க, எப்பவும் போலப் பாதியா வெட்டித்தானுங்க போடறோம்."

அம்புஜம் மூலையிலிருந்த அறுக்கும் இயந்திரத்தைக் காட்டினார். வெட்டுச் சக்கரத்துக்கும் மேடைக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. "இதுல கடைசியா எப்ப வெட்டினீங்க?"

மதன்குமார் தலைகுனிந்தார்.

"ஈரமிருந்தா வெளிப்பூச்சு செதில் செதிலாப் பேந்திருக்கும்," என்றார் அம்புஜம் நிதானமாக. "இங்க பூச்சு முழுசா இருக்குது. மூசை கீழ போகப் போகக் குறுகும். முழுக்கட்டியக் குறுக்கப் போட்டா நடுவுல இறுகி நிக்கும். சூடு ஏற ஏற அலுமினியம் விரியும். மூசை அந்த அளவுக்கு விரியாது. உள்ளிருந்தே பொளந்துரும். தழும்பு ரெண்டும் கட்டியோட ரெண்டு முனைங்க."

"வெட்டற ஆள் நின்னுட்டாருங்க," என்றார் மதன்குமார். "ஆர்டர் அவசரம். பிரான்சிஸ் அப்பவே வேண்டாம்னு சொன்னாரு. நாந்தான் கேக்கல. பழி எம்மேல வந்துருமோன்னு பயந்துட்டனுங்க. நடந்தத எழுதித் தாரேன்."

கூட வந்திருந்த சாஜிதாவுக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு விழுந்தாற்போல இருந்தது. வெளியே வந்து போன் போட்டாள். மாசாணத்தின் மனைவி பாவாத்தாள் எடுத்தாள்.

"அக்கா, அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லைங்க!"

மறுமுனையில் கணவனைக் கூவி அழைக்கும் சத்தம். பிறகு மாசாணத்தின் குரல்: "பிரான்சிஸ் தம்பிக்குக் கால் எப்படிங்க இருக்குது?"

"ஆறிட்டு வருதுங்கண்ணா. நடக்கறாரு."

நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது. "அப்பச் சரிங்க அம்மணி. ரெண்டு நாளாச் சோறு எறங்கல. இருங்க, ஒரு வாய் தின்னுபோட்டு வாரேன். சூளை ஆறிக் கெடக்குமே."