காத்திருப்பவர்: ஒருவர்

அணியில் எல்லோரும் உயிரோடுதான் இருந்தார்கள். ஆனாலும் திரையின் ஓரத்தில் 'காத்திருப்பவர்: ஒருவர்' என்று மினுங்கிக்கொண்டிருந்தது. பெயர் வர வேண்டிய இடம் வெறுமை.

கமாண்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பட்டாளத்து ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். தெரு வைத்த பெயர் அது. கடைக்கு அனுப்பினால் பாதியை மறந்துவிட்டு வருகிற மனிதர், கம்ப்யூட்டர் விளையாட்டில் உட்கார்ந்தால் படை நடத்துவார். மற்றவர்கள் தரையில் துப்பாக்கியோடு ஓட, இவர் மட்டும் பருந்துபோல மேலிருந்து பார்த்து, இங்கே சுவர், அங்கே பீரங்கி என்று கோட்டை கட்டுவார். செத்த வீரன் திரும்ப உயிரோடு வெளியே வரும் ஸ்பான் ரூமையும் இவர்தான் கட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் செத்தவன் 'காத்திருப்பவர்' வரிசையில் கிடக்க வேண்டியதுதான்.

"யாருடா செத்தது?" என்றார் ஹெட்போனில்.

"யாரும் சாகலையே கமாண்டர். உண்ட மயக்கமா?"

சிரித்தார்கள். இன்னும் சாப்பிடவே போகாத இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு மதியம். திரையில் வெயில் விழாதபடி ஜன்னலைப் போர்வையால் மூடியிருந்தார். சூடேறிய வயர் வாசனை, மின்விசிறியின் கிறீச், எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லத் தைல வாசனை. இந்த வீட்டில் இப்போது யாரும் தைலம் தேய்ப்பதில்லை. தேய்த்தவன் தம்பி. இந்த அறையில் பாதி அவனுடையது. அவன் போன கையோடு நடுச்சுவரை இடித்து மேசையை நீட்டிப் போட்டுக்கொண்டார் அண்ணன். காற்றோட்டத்துக்காம். துக்கம் கேட்க வந்தவர்கள் கொத்தனாருக்கு வழிவிட்டு நின்றதைத் தெருவே பார்த்தது.

தம்பியும் இதே அணிதான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆடுவான். கடைசி ஆட்டத்தில் அவனைக் கோட்டை வாசலில் காவல் வைத்திருந்தார்.

"அண்ணா, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு."

"சாக்குச் சொல்லாத. அப்படியே இரு. நகராத."

நகரவில்லை. அசையக்கூட இல்லை. "பாருங்கடா, இவன்தான் வீரன்!" என்று பாராட்டு வேறு. பிறகு எதிரி சுட, தம்பி பெயர் வரிசைக்கு வந்தது. கமாண்டர் ஸ்பான் ரூமை விற்றுப் பீரங்கி வாங்கினார். ஜெயித்தார். அதன் பிறகுதான் எழுந்துபோய்ப் பார்த்தார். மனைவியிடம், தூக்கத்திலேயே போய்விட்டான் என்றார்.

இன்று ஸ்பான் ரூம் கட்டக் கை வரவில்லை. எதிரி சுவரை உடைத்தான். இவர் ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள்.

"ரூம் கட்டுங்க கமாண்டர்! உங்க சொத்தையா எழுதித் தரச் சொன்னோம்?"

கட்டினால், வரிசையில் முதலில் நிற்பவன்தான் முதலில் வருவான். கட்டாவிட்டால் தோல்வி.

தோற்கப் பழகாத மனிதர். கட்டினார்.

திரையில் ஸ்பான் ரூம் கதவு திறந்தது. ஒருவன் வந்தான். கையில் துப்பாக்கி இல்லை. கோட்டை வாசலுக்குப் போனான். நின்றான்.

தலையை நிமிர்த்தினான்.

தரையில் இருப்பவர்களுக்குக் கமாண்டர் தெரியமாட்டார். இவன் பார்த்தான்.

ஹெட்போனில் மற்ற குரல்கள் அடங்கின.

"அண்ணா." ஹெட்போனில் அல்ல. இடித்த சுவர் இருந்த பக்கம். "அப்படியே இரு. நகராத."

நெஞ்சு ஒரு மாதிரி இருந்தது. கை எழவில்லை. நாக்கு எழவில்லை. தைல வாசனை. மிக அருகில்.

மனைவி எட்டிப் பார்த்தாள். நாற்காலியின் முதுகும் ஹெட்போனும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"என்னங்க, சாப்பிட வரீங்களா, இல்லையா?"

கத்தினார். உள்ளுக்குள்ளேயே.

"உங்ககிட்ட வந்து கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

செருப்புச் சத்தம் தேய்ந்துபோனது.

திரையில் மற்ற பெயர்கள் அழிந்தன. காத்திருப்பவர்: ஒருவர். இம்முறை பெயர் இருந்தது.

அவருடையது.

யாரும் தொடாமல் மவுஸ் நகர்ந்தது. திரையில் அம்பு ஸ்பான் ரூமின் மேல் போய் நின்றது. 'விற்கவா?'

முதலில் கூரை கழன்றது. பிறகு, ஒவ்வொன்றாக, சுவர்கள்.