ஒரு சஹனுக்கு நாலு பேர்

2009 ஆகஸ்ட் கடைசியில், நோன்பு தொடங்கிய சமயத்தில், பாஜிலா பெரியகுளத்துக் கல்லூரி விடுதியில் வந்து இறங்கினாள். கம்பத்தில் அவள் வீட்டில் நோன்பு திறக்க ஒரு கூட்டமே உட்காரும். இங்கே மெஸ் திறப்பதே ஏழரைக்குத்தான். பாங்கு கேட்டதும் குழாயடியில் நின்று ஒரு பேரீச்சம்பழத்தைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அழுவாள். வலியப்போய்ப் பேசவும் வாய் வராது, பாவம்.

அம்மா ஜெய்த்தூன் பீவி தினமும் சாயங்காலம் செல்போனில் கூப்பிடுவாள்.

"கூட்டுக்கு ஒரு புள்ள கூடவா கெடைக்கல? வெள்ளிக்கெழம வந்து கூட்டிட்டு வந்துர்றேன். படிச்சுக் கிழிச்சது போதும்."

 இந்த சீட்டுக்குப் பாஜிலா வீட்டில் எத்தனை சண்டை போட்டிருந்தாள்! வெள்ளிக்குள் ஒரே ஒரு சிநேகிதியாவது கிடைத்தாக வேண்டும்.

வியாழக்கிழமை பாங்கு நேரத்தில், மாந்தோப்பை ஒட்டிய பின்கட்டிலிருந்து நெய்ச்சோற்று வாசனை வந்தது. வாசனையைப் பிடித்துக்கொண்டு போனாள். கடைசி அறை திறந்திருந்தது. உள்ளே முக்காடு போட்ட மூன்று பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய தாம்பாளம் நிறையச் சோறு.

சஹன்! பாஜிலா வீட்டு விசேஷங்களிலும் இப்படித்தான், ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர். கை வைத்துவிட்டால் நாலு பேரும் முடிக்கும்வரை யாரும் பாதியில் எழக்கூடாது. ஒருத்தர் எழுந்தால் மற்றவர் பசியோடு கையை இழுத்துக்கொள்வார்கள் அல்லவா, அதற்காக ஏற்பட்ட மரியாதை.

"வா புள்ள, நான் பெனாசிர். ஒரு ஆளு கொறையுதுன்னுதான் கை வைக்காம இருக்கோம்" என்றாள் ஒருத்தி.

"நீங்கள்லாம் எந்த வருசம்க்கா?"

"மொதல்ல உக்காரு."

உட்கார்ந்தாள். பசியும் தனிமையும் சேர்ந்துகொண்டால் அப்புறம் யார் கேள்வி கேட்பார்கள்? பிஸ்மி சொல்லிக் கை வைத்தாள். பெனாசிர் கறித்துண்டுகளை அவள் பக்கமே தள்ளித்தள்ளி விட்டாள். விடுதிக்கு வந்தபின் முதல் தடவையாகப் பாஜிலா வாய்விட்டுச் சிரித்தாள். இந்த மூன்று பேர் போதும், நாலு வருஷத்தையும் ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வயிறு நிறைந்த பிறகுதான் தட்டைக் கவனித்தாள்.

சோறு குறையவே இல்லை.

மூன்று கைகளும் பிசைந்துகொண்டே இருந்தன. ஒரு கவளம்கூட ஒரு வாய்க்கும் போகவில்லை. நெய் வாசனைக்கு அடியிலிருந்து ஈரமண் வாடை கிளம்பியது.

"போதும்க்கா. எந்திரிக்கட்டா?"

"நாங்க இன்னும் முடிக்கலையே" என்றாள் பெனாசிர் மெதுவாக.

பாஜிலா கையை ஊன்றி எழப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை.

வெளியே செருப்புச் சத்தம். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ராஜாத்தி டார்ச்சோடு வாசலில் வந்து நின்றாள்.

"பன்னெண்டு வருசமாப் பூட்டிக் கெடந்த ரூமு. எவ தொறந்து போட்டது?"

வெளிச்சம் பாஜிலாவின் முகத்துக்கு நேரே வந்தது. நிற்காமல் சுவருக்குப் போனது.

அக்கா, நான் இங்கன இருக்கேன்!

கத்தத்தான் பார்த்தாள். வாய் நிறையச் சோறு. துப்பத் துப்ப நிறைந்தது.

"ஒரு ஈ காக்காயக் காணோம்" என்று முனகியபடி ராஜாத்தி கதவைச் சாத்தினாள்.

பூட்டு விழுந்தது.

இருட்டில் பாஜிலாவின் செல்போன் ஒளிர்ந்து அடித்தது. அம்மா! எட்டிப் பிடிப்பதற்குள் ஒரு சில்லிட்ட இடதுகை அதை எடுத்துக்கொண்டது.

"அம்மா, நாந்தேன்" என்றாள் பெனாசிர்.

குரல் பாஜிலாவின் குரல். அழுதழுது வந்த மூக்கடைப்பு உள்பட.

"நோம்பு தொறந்தியா, தங்கம்?"

"தொறந்துட்டேம்மா. மூணு அக்காமாரு கெடச்சுட்டாக. ஒரே சஹன்லதேன் சாப்புடுறோம். என்னையத் தங்கமாப் பாத்துக்கிறாக. நீ நாளைக்கி வர வேணாம்."

வந்துரும்மா, இப்பவே வந்துரு என்று பாஜிலா உள்ளுக்குள் கதறினாள். கண்ணீர் சோற்றில் சொட்டியது.

அந்தப் பக்கம் அம்மாவும் அழுதாள்.

"அல்ஹம்துலில்லா. இது போதும் ஆத்தா. நான் வரல. இன்னிக்கித்தான் நிம்மதியாத் தூங்குவேன்."

போன் அணையப்போகும் வெளிச்சத்தில் பாஜிலா தட்டைப் பார்த்தாள். நாலு கைகளும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தன.

அவள் தன் கையை அசைக்கவே இல்லை.