3.47 மணிச் சிரிப்பு

"ஐயோ... அம்மா...!"

எதிர்வீட்டு பவர்லூம் சத்தத்தையும் மீறிக்கொண்டு கேட்டது அந்த அலறல்.

வேலைக்காரி கன்னியம்மா ஹாலில் தலையில் அடித்துக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் ஹேமலதா. ஆரணியில் மூன்று பட்டுக்கடை வைத்திருக்கும் குமரேசனின் மனைவி. வயது முப்பத்தைந்து.

கழுத்தில் நைலான் கயிறு. துணி உலர்த்தும் கொடியிலிருந்து அறுத்தது.

கண்கள் திறந்தே இருந்தன!

2004 அக்டோபர். ஞாயிற்றுக்கிழமை. மாலை மணி 4.10.

சப்-இன்ஸ்பெக்டர் கண்ணகி இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். குனிந்து பார்த்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். நகை அப்படியே இருந்தது. பீரோ பூட்டியே இருந்தது.

"கடைசியா எப்போ பார்த்தே?"

"ஒன்றரைக்கு சோறு போட்டுட்டுப் போனேன் மேடம்... நல்லாத்தான் இருந்தாங்க. ஏதோ எழுதிகினு இருந்தாங்க. திரும்பி வந்து பார்த்தா..."

"வீட்டுக்காரர் எங்கே?"

"செய்யார் ரோட்ல புதுசா பார்க் தொறந்துக்கீறாங்களே... கடை ஆளுங்கள எல்லாம் வேன்ல இட்டுகினு போயிருக்காரு. அம்மாதான் வரலைன்னுட்டாங்க."

ஐந்தரைக்கு வேன் வந்தது.

குமரேசன் இறங்கினான். அழுதான். இரண்டே நிமிடம்! பிறகு கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினான்.

கண்ணகி கேட்கவே இல்லை.

"பாருங்க மேடம். டைம் போட்டிருக்கு. மூணு நாப்பத்தேழு. நானும் மச்சானும் ரெண்டு மணிக்கு ரோலர் கோஸ்டர் வரிசையில போய் நின்னோம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல நின்னுகினே இருந்தோம். பேஜார்! இறங்கி ஒரு காபி சாப்பிடறதுக்குள்ள போன் வந்துடுச்சி."

போட்டோவில் ரயில் பள்ளத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. குமரேசன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, அத்தனை பல்லும் தெரிய...

சிரித்துக்கொண்டிருந்தான்.

மச்சான் என்பவன் பாலு. ஹேமலதாவின் கூடப் பிறந்த தம்பி. குமரேசனின் சாயப்பட்டறையை நடத்துபவன். அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு தெருவே கேட்கும்படி கதறிக்கொண்டிருந்தான்.

"அக்கா! அந்த எல்லப்பன்தான் உன்னை முடிச்சிட்டான்! எனக்குத் தெரியும்கா!"

"யார் எல்லப்பன்?"

"முள்ளிப்பட்டு ஆளு மேடம். மார்ச் மாசம் நம்ம பட்டறையில பாய்லர் வெடிச்சப்போ அவன் சம்சாரம் செத்துப்போச்சி. உங்க வீட்லயும் ஒரு சாவு விழும்னு வாசல்ல நின்னு கத்திட்டுப் போனான்!"

குமரேசன் தலையை ஆட்டினான். "அந்த ஆளுங்களுக்கு இரக்கம் காட்டினா இப்படித்தான்."

கண்ணகி நிமிர்ந்தாள். அந்த ஆளுங்க! சந்தவாசலில் களை எடுத்து, கூலி வாங்கி, அவளைப் படிக்க வைத்த அம்மாவும் அந்த ஆளுங்கதான்.

ஏழு மணிக்குள் எல்லப்பன் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டான். அவனாக வரவில்லை. இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சுப்பராயலு லத்தியை மேஜைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"கல்லு மாதிரி நிக்கிறான் கண்ணகி. வீட்லயே தனியா தறி நெய்துகினு இருந்தானாம். பார்த்தவன் ஒருத்தன் இல்லை."

எல்லப்பனின் உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது. கண்ணகியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நான் கத்தினது நெஜம் மேடம். ஆனா அந்தம்மா மேல எனக்கு ஏது கோவம்? பாய்லர்ல ஓட்டைன்னு வெடிக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே வீட்ல எல்லாருக்கும் தெரியும், நாளைக்கு கோர்ட்ல வந்து நானே சொல்றேன்னாங்க. எனக்கு இருந்த ஒரே சாட்சி... நான் ஏன் கொல்லப் போறேன்?"

"கதை!" என்றார் சுப்பராயலு. "நாளை சாயங்காலம் ரிமாண்ட்."

கண்ணகி ஒரு டம்ளர் தண்ணீரை எல்லப்பன் பக்கம் நகர்த்தினாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளும் கான்ஸ்டபிள் வேலுவும் செய்யார் ரோடு பார்க்கில் இருந்தார்கள். ஆரணியிலிருந்து பைக்கில் இருபத்தைந்து நிமிடம்.

ரோலர் கோஸ்டரை இயக்குகிறவன் பெயர் ஜெயச்சந்திரன். போலீஸைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"நேத்து மத்தியானம் எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"ஞாயித்துக்கிழமை மேடம்... ஒண்ணே முக்கால் மணி நேரம். போர்டே வெச்சிட்டோம்."

அப்படியானால் குமரேசன் சொன்னது சரி. கண்ணகி ஏமாற்றத்தோடு திரும்பினாள். திரும்பியவள் நின்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு சின்னப் பாதை. ஒரே ஒரு ஆள்தான் நுழையலாம்.

"அது என்ன?"

"தனி ஆள் வரிசை மேடம். ஒரு வரிசைக்கு நாலு சீட்டு. மூணு பேர் சேர்ந்து வந்தா ஒண்ணு காலியாயிடும். அந்த இடத்தை ரொப்பறதுக்கு அங்கேருந்து ஒருத்தரைக் கூப்பிடுவோம். யார் பக்கத்துல வேணா உட்காருவேன்றவங்க வரலாம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம். மிஞ்சிப்போனா பத்து."

கண்ணகியின் குரல் கூர்மையானது. "பெரிய வரிசையில ரெண்டு பேர் சேர்ந்து நின்னா, அவங்களைப் பிரிச்சி உட்கார வைப்பீங்களா?"

"நீங்க வேற மேடம்! பிரிச்சா அடிக்க வருவாங்க!"

அவள் போட்டோவை நீட்டினாள். ஜெயச்சந்திரன் ஒரே பார்வையில் சொன்னான்.

"இவர் தனி ஆள் வரிசையில வந்தவரு. பக்கத்துல பாருங்க... அப்பா, அம்மா, பொண்ணு. மூணு பேர் குடும்பம். ஓரத்து சீட்டுல இவரு."

"இதே ரயில்ல எடுத்த மத்த படம் இருக்கா?"

"கம்ப்யூட்டர்ல மூணு நாள் இருக்கும்."

இருந்தது! அதே 3.47. ஐந்தாவது வரிசை. கல்லூரிப் பையன்கள் மூன்று பேருக்குப் பக்கத்தில் பாலு.

ஒன்றரை மணி நேரம் சேர்ந்து நின்ற மாமனும் மச்சானும் ஆளுக்கொரு மூலையில்!

"நிக்கவே இல்லை வேலு. கூட்டத்தைக் காட்டி ஒன்றரை மணி நேரத்தைக் கணக்குல சேர்த்துகினு, இந்தப் பக்கமா அஞ்சு நிமிஷத்துல ஏறியிருக்காங்க. ரெண்டு மணியிலேருந்து மூணரை வரைக்கும் எங்கே போயிருந்தாங்க?"

அவள் செல்போன் அடித்தது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர்.

"சாவு ரெண்டரைலேருந்து மூணுக்குள்ளே. இன்னொண்ணு... நகத்துக்கடியில தோல் இருக்குது. அந்தம்மா நல்லாப் போராடியிருக்காங்க."

கண்ணகி போனை வைத்தாள். முந்தின நாள் காலையில் பார்க் வாசலில் குமரேசன் ஆட்களை எடுத்த குரூப் போட்டோவையும் கேட்டு வாங்கினாள். அதையும் ரயில் படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"புருஷன்தானே மேடம்?" என்றான் வேலு.

அவள் எழுந்துபோய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

மத்தியானம். குமரேசன் வீடு.

ஹாலில் ஹேமலதா மாலையோடு கிடந்தாள். பின்கட்டில் குமரேசன் பார்சல் பிரித்துப் பூரியைக் கிழங்கில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மேடம். சர்க்கரை வியாதி... நேரத்துக்கு சாப்பிடலன்னா மயக்கம் வந்துடும். எல்லப்பன் ஒத்துகினானா?"

"பாலுவையும் கூப்பிடுங்க."

பாலு கண்களைக் கசக்கிக்கொண்டே வந்தான். கண்ணகி மூன்று படங்களையும் பூரிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தனி ஆள் வரிசையைப் பற்றிச் சொன்னாள். நிதானமாக, ஒவ்வொன்றாக.

குமரேசனின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"ஜல்தியா ஏறலாம்னு அந்தப் பக்கம் போனோம்... அது குத்தமா? நான் பார்க்கை விட்டு நகரவே இல்ல! ஐஸ்கிரீம் கடையில என் ஆளுங்ககூட உட்கார்ந்துகினு இருந்தேன்! கேளுங்க!"

"கேட்டுட்டேன். உண்மைதான்."

குமரேசன் மூச்சு விட்டான்.

"அதனாலதான் நான் உங்க கையைப் பார்க்க வரலை," என்ற கண்ணகி திரும்பினாள். "பாலு! உன் சட்டைக் கையை மேல ஏத்து."

"எ... எதுக்கு மேடம்?"

"நேத்து காலையில அரைக்கை வெள்ளைச் சட்டை. மத்தியானம் ரயில்ல பார்க் கடையில வாங்கின முழுக்கை பனியன். இன்னிக்கு இந்த வெயில்ல மணிக்கட்டு வரைக்கும் பட்டன். ஏத்துடா!"

பாலு அசையவில்லை. வேலு அவன் கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளினான்.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நான்கு கோடுகள். ஆழமாக. சிவப்பாக.

கூடப் பிறந்தவளின் நகம்!

கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சரிந்தாள்.

"மாமாதான்!" பாலு வெடித்தான். "இவருதான் சொன்னாரு! அக்கா கோர்ட்டுக்குப் போனா பட்டறையை நடத்தற நான் உள்ளே, முதலாளி இவரும் உள்ளே. நீ போய் முடி, நான் உனக்கு சாட்சி, நீ எனக்கு சாட்சின்னாரு! அக்கா கதவைத் தொறந்து... சாப்பிட்டியாடான்னு கேட்டுச்சி மேடம்..."

பாலு தரையில் உட்கார்ந்தான்.

"நீ என்ன சொன்னே?" கண்ணகி கேட்டாள்.

"சாப்பிட்டேன்னு சொன்னேன்."

கண்ணகிக்குக் குமட்டியது. இந்த மூஞ்சியோடு திரும்பிப் போய், கயிறு பிடித்த கையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் 'ஓ' என்று கத்தியிருக்கிறான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் அதற்கும் மேலே... சிரித்திருக்கிறான்!

கன்னியம்மா உள்ளே போய்க் கொண்டுவந்து நீட்டிய காகிதத்தைப் படித்துவிட்டு, கண்ணகி ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

"சார், எல்லப்பனை விடுங்க. டாக்டர்கிட்ட காட்டி, மருந்து போட்டு, நீங்களே வண்டி வெச்சி வீட்டுக்கு அனுப்புங்க. ஆமா சார், நீங்களே. பாய்லர் ஓட்டையைப் பத்தி ஹேமலதா எழுதி வெச்ச பேப்பர் இவனுங்க கையில சிக்கலை. அரிசி டப்பாவுல இருந்தது. கன்னியம்மா எடுத்துக் குடுத்திருக்கா. அவங்க கையெழுத்தோட கோர்ட்டுக்குப் போவுது."

விலங்கு மாட்டினார்கள். தெரு முழுக்கக் கூட்டம். ஜீப்பில் ஏறும்போது குமரேசன் உதட்டில் ஒட்டியிருந்த கிழங்கைத் துடைத்துக்கொண்டு சீறினான்.

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

கண்ணகி ஜீப் கதவை அறைந்து சாத்தினாள்.

"தெரியாமலே இருந்திருக்கலாம்யா... மத்தியானச் சோறாவது இறங்கியிருக்கும்!"