அசோக் படிக்கணக்கு

மறுபடியும் அதே வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரே வரி: கூப்பிட்ட ஃபங்ஷன் இல்லை.

யுவராணி இன்னொரு தடவை திறந்து பார்த்தாள். பின்னால் சௌந்தரபாண்டியன் செல்போனில், வெப்சைட் முகவரியைப் பதிந்துகொடுத்த மதுரைக்காரன் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். வெப்சைட்டையே இழுத்து மூடச் சொல்லப்போகிறார்.

"கொஞ்ச நேரம் குடுங்க மாமா."

"குடுத்து? முந்தாநாள் நீதான என்னமோ ஏத்துன. இன்னைக்குச் செத்துக் கெடக்கு. அவன் கட்டுனதாச்சும் மிஞ்சும்னு நெனச்சேன்."

அவன் என்றால் அசோக். அவருடைய ஒரே மகன், அவளுக்கு அத்தை மகன். அருப்புக்கோட்டையில் இருக்கும் இந்தத் தானியக் கடைக்கு வெப்சைட் கட்டியவன். ஊர்ப்பக்கத்து ஆட்கள் குதிரைவாலியையும் கம்பையும் படிக்கணக்கில் கேட்பார்கள். பார்சலோ கிலோவில் போக வேண்டும். இரண்டும் படிக்கு ஒரே எடை நிற்காது. அப்பாவும் மகனும் உட்கார்ந்து ஒவ்வொரு தானியமாக அளந்து நிறுத்தார்கள். அதை வைத்துப் படியைக் கிலோவாக மாற்றும் நிரல்துண்டை, ஃபங்ஷனை எழுதி, அதற்குத் தன் பேரையே வைத்து, வெப்சைட்டோடு தனியாக ஒட்டுகிற ஒரு பிளகினாகச் செருகினான். பந்தல்குடி ரோட்டில் பைக் சறுக்கிப் போய்ச்சேர்ந்தான். முதுகுப்பையில் இருந்த லேப்டாப்பும் நொறுங்கியது; ஃபங்ஷனுக்கு வேறு நகல் இல்லை. நேற்றுத்தான் கருமாதி முடிந்தது.

பிளஸ் டூ படிக்கும் யுவராணி முந்தாநாள் ஏற்றியது, பார்சல் கூலி போடும் சின்னப் பிளகின். எடைக்கு அது அசோக்கின் ஃபங்ஷனைக் கூப்பிடும்.

வாங்குபவர்கள் பார்க்கும் பக்கம்தான் விழுந்திருந்தது; கடைக்காரர் பக்கம் வழியாக ஆர்டர்களைத் திறந்தாள். நேற்றுக் காலை நரிக்குடியிலிருந்து ஓர் ஆர்டர், கூலியோடு சரியாக விழுந்திருந்தது. ஆக, அவள் ஏற்றிய பிறகும் வெப்சைட் நன்றாகவே ஓடியிருக்கிறது. கெட்டது அதற்குப் பிறகு.

"நேத்து கடை பூட்டிக் கெடந்துச்சு. எல்லாரும் மாடியில கருமாதி வேலையா இருந்தோம்" என்றார் மாமா. பிறகு, பார்சல் கட்டும் விஜயபாண்டி பக்கம் திரும்பினார். "ஒங்கிட்டயும் பாஸ்வேர்டு இருக்குல்ல?"

விஜயபாண்டி கயிற்றைக் கீழே போட்டான். "இருக்குண்ணே. களவாங்குறவன் கல்லாவத் தொடுவானா, கணக்கத் தூக்கிட்டுப் போவானா?"

அவன் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தாள். ஆர்டர் பக்கம் மட்டுமே திறந்தது. அவன் இல்லை.

கடையின் பாஸ்வேர்டைப் போட்டுப் பிளகின் பட்டியலுக்குப் போனாள். எல்லாம் அப்படியே இருந்தன, ஒன்றைத் தவிர. 'அசோக் படிக்கணக்கு' என்ற வரியைக் காணோம்.

கை தவறி நடக்கிற காரியம் இல்லை. முதலில் நிறுத்த வேண்டும். பிறகு பேருக்குக் கீழே சிவப்பு எழுத்து வரும். அதை அமுக்க வேண்டும். நிஜமாகவா என்று கேட்கும். அதற்கும் சரி சொல்ல வேண்டும். வெளியாள் புகுந்திருந்தால் எல்லாவற்றையும் நாசம் செய்திருப்பான். இங்கே யாரோ ஒன்றை மட்டும் தேடி எடுத்திருக்கிறார்கள்.

மிச்சமிருந்த பெயர்களை மேலிருந்து கீழே வாசித்தாள். எல்லாம் இங்கிலீஷ். காணாமல் போனது ஒன்றுதான் தமிழில் இருந்தது.

அதிலும் அசோக்கின் பேர். தினமும் காலையில் காப்பித் தம்ளரோடு வந்து, அசோக் பழக்கியபடி கடையின் பாஸ்வேர்டைப் போட்டு ஆர்டரை எண்ணிப் பார்ப்பவர் பொன்னுத்தாய் அத்தை. இன்று வெப்சைட் விழுந்து இவ்வளவு சத்தம் கேட்டும் மாடியைவிட்டு இறங்கவில்லை. நேற்று அசோக்கின் சட்டை, பாய், செருப்பு, எல்லாவற்றையும் வீட்டைவிட்டு எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். கருமாதியோடு செத்தவர் பொருள் எதுவும் வீட்டில் தங்கக் கூடாது என்பது வழக்கம்.

"அத்தை" என்று படிக்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

பொன்னுத்தாய் இறங்கி வந்து கம்ப்யூட்டர் பக்கம் பார்க்காமல் நின்றார். யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"துணிமணியெல்லாம் போயிருச்சு. பேரு மட்டும் கடைக்குள்ள ஒக்காந்திருந்துச்சு. அதப் பிடிச்சுக்கிட்டு எம்புள்ள போக வழியில்லாம நின்னுட்டான்னா? கண்ணுல தெரிஞ்ச பேரு அது ஒண்ணுதான். அது பேருன்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள அவன் வேல இருக்குன்னு தெரியலையே தாயி."

சௌந்தரபாண்டியன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாதித் தப்பு என்னுது மாமா" என்றாள் யுவராணி. ஃபங்ஷன் இருக்கான்னு கேட்டுட்டுக் கூப்பிடு, இல்லாததக் கூப்பிட்டா மொத்தமா விழுந்துரும். அசோக் மச்சான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அப்படிக் கேட்கும் ஒரு வரி இருந்திருந்தால் கூலிக் கணக்கு மட்டும் நின்றிருக்கும், பக்கம் பிழைத்திருக்கும். அந்த வரியை அவள் மறதியால் விட்டுவிடவில்லை. "அவுக பேரப் போட்டு, இருக்கா இல்லையான்னு எழுத எனக்குக் கை வரல."

பிறகு மாமா பித்தளைப் படியை எடுத்தார். குதிரைவாலியை அள்ளி, உள்ளங்கையால் தலை வழித்து, தராசில் கொட்டினார். எடையைச் சொன்னார். அடுத்து வரகு. அடுத்து கம்பு. அவர் சொல்லச் சொல்ல யுவராணி ஃபங்ஷனை அதே பேரில் மறுபடி எழுதினாள். கடைசியில், விட்டுப்போன அந்த வரியையும் எழுதினாள். இருக்கிறதா?

பக்கம் திறந்தது. விஜயபாண்டி கீழே கிடந்த கயிற்றை எடுத்தான்.

யுவராணி பிளகின் பட்டியலைத் திறந்து காட்டினாள்; பொன்னுத்தாய் அதில் தமிழ் எழுத்தைத் தேடினார். கண்டுபிடித்தார். விரலை அதன்மேல் வைத்தார்.

"அதே பேரச் சொல்லித்தான கூப்பிடுது?"

"ஆமா அத்தை."

"அப்ப அவனுக்குக் கேக்குமா தாயி?"