மலைப்பக்கம் திரும்பிய விமானம்

அன்று காலை அந்த வீட்டில் நடந்த சண்டை ஒரு யானையைப் பற்றியது. மகள் டேப்லெட்டில் யானைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தும்பிக்கை மட்டும்தான் பாக்கி. அப்பாவுக்கோ அது உடனே வேண்டும். விமானம் ஓட்டும்போது வழி பார்க்கும் வரைபடத்தை அவர் அதில்தான் ஏற்றி வைத்திருந்தார்.

"குட்டி, அப்பாவுக்கு நேரமாச்சு. சாயங்காலம் வந்து தும்பிக்கைக்கு என்ன கலர் வேணாலும் அடிச்சுக்கோ."

"இது இல்லேன்னா உங்களுக்கு வழி தெரியாதா?"

"தெரியும். இது பக்கத்துல இருந்தா கொஞ்சம் தெம்பு, அவ்வளவுதான்."

"பைலட்டே இப்படிச் சொல்றாருன்னு வெளியில சொல்லிடாதடி, ஒருத்தரும் ஏற மாட்டாங்க" என்று மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். அவர் சிரித்தது கேட்டது. பிறகு வாசல் கதவு சாத்தப்பட்டது.

எட்டு மாதம் கழித்து, ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு துப்பறிவாளரின் அறையில் அந்த மனைவி உட்கார்ந்திருந்தாள். கீழே தையல்கடை. மெஷின் ஓடும்போதெல்லாம் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் லேசாக அதிர்ந்தது. துப்பறிவாளர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. விபத்து விசாரணை இலாகாவில் பல காலம் இருந்துவிட்டு, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவர். பக்கத்தில் இருந்த பருத்த மனிதர் அவருடைய புகைப்படக்காரர். ஊர் முழுக்க அவரை 'லென்ஸ்' என்றுதான் கூப்பிட்டது.

"என் வீட்டுக்காரர் எங்கே போய்க்கிட்டிருந்தார்னு எனக்குத் தெரியணும்" என்றாள் அவள்.

"எங்கே விழுந்தார்னு தெரியும், இல்லீங்களா?" என்று லென்ஸ் ஆரம்பித்தார். துப்பறிவாளர் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

அவள் சொன்னாள். கணவர் ஒரு சின்ன கம்பெனியின் இரண்டு இருக்கை விமானத்தில் அவசரச் சாமான்கள் கொண்டுபோய்க் கொடுப்பவர். அன்று கடற்கரைத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஒரு பம்பைக் கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பினார். அங்கிருந்து வீடு நேர் கிழக்கே. விமானம் கிடந்ததோ தென்கிழக்கே, ஒரு மலையில். மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். அந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்ணுக்கும் அவருக்கும் ஒரு காலத்தில் கல்யாணம் பேசி முடிவாகி, பிறகு நின்றுபோயிருந்தது.

"பாதி வழி வரைக்கும் அவர் வந்த தடம் டேப்லெட்ல பதிவாயிருக்கு. நூல் பிடிச்ச மாதிரி வீட்டைப் பார்த்து வந்திருக்கார். அப்புறம் டேப் அணைஞ்சிருக்கு. மலையில எடுக்கும்போது மூடியும் மூடியிருந்துச்சாம். விமானி தன் விருப்பப்படி வழி மாறினார்னு அறிக்கையில எழுதிட்டாங்க. என் கொழுந்தன் அதைப் படிச்சுட்டு என்ன சொன்னார் தெரியுங்களா? போகக் கூடாத இடத்துக்குப் போறவன் போனை அணைச்சுட்டுப் போற மாதிரி இருக்கு அண்ணின்னார்."

"நீங்க என்ன நெனச்சீங்க?"

"பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனேன். கடையில நாலு பேர் நிக்கும்போது, வாய்க்கு வந்தபடி பேசினேன். அந்தப் பொண்ணு கையில இருந்த மாத்திரை அட்டையைக் கூடக் கீழே வைக்கலை. அப்படியே நின்னா. அதுக்கப்புறம் வீட்ல அவர் படத்தை நான் மாட்டலை. குட்டி கேட்டுக்கிட்டே இருக்கா. மாட்டலாமா வேண்டாமான்னு எனக்கு யாராவது சொல்லணும்."

பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து வைத்தாள். ஒரு மூலையில் விரிசல். தனியே கழன்றிருந்த துணி மூடியை வெளியே இழுத்தபோது, பைக்குள் கிடந்த இரண்டு ஊக்குகள் அதன் விளிம்போடு சேர்ந்து வந்தன. அவள் அவற்றைப் பிய்த்துப் பைக்குள் போட்டாள்.

துப்பறிவாளர் மூடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதை அவர் அடிக்கடி மூடுவாரா?"

"பால்கனியில வச்சு குட்டி விளையாடுவா. வெயில்ல சூடாகித் தானா அணைஞ்சுடும். உடனே அழுகை. அவர் மூடியைப் போட்டு மூடிட்டு, 'அதுக்குத் தூக்கம் வந்துடுச்சு, போர்வை போத்தியாச்சு, எழுப்பாதே'ம்பார். கொஞ்ச நேரத்துல சூடு ஆறி எழுந்துக்கும்." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதமாக அவரை நினைத்து அவள் சிரித்ததில்லை. வெட்கப்பட்டவள்போலச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் மூவரும் விமானக் கொட்டகைக்குப் போனார்கள். நொறுங்கிய விமானம் ஒரு மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற இன்னொரு விமானத்தைப் பார்த்தபடி நின்றாள். அதே கம்பெனி, அதே மாதிரி, அதே நீலக் கோடு. வித்தியாசம், இது முழுசாக இருந்தது.

அதன் கீழிருந்து மெக்கானிக் எழுந்து வந்தார். விபத்துக்குப் பிறகு கம்பெனி அவரைத் திசைகாட்டி வேலையிலிருந்து விலக்கி, டயர் மாற்ற வைத்திருந்தது. அந்தக் கடுப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

லென்ஸ் துப்பறிவாளரின் காதில் கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசுப்பு கொட்டகை முழுக்கக் கேட்கும். "மேடம், எனக்குத் தெரிஞ்சுபோச்சு. காம்பஸ்ல கோளாறு. இவர் கைங்கரியம்தான்."

"ஐயா குண்டு சார்," என்றார் மெக்கானிக், "நொறுங்கின விமானத்துலேருந்து கழட்டின காம்பஸை இலாகாவே சோதிச்சுப் பார்த்தாச்சு. இன்னிக்கும் வடக்கைத்தான் காட்டுது. இதுக்கு மேல நான் என்ன தீக்குளிக்கணுமா?"

லென்ஸ் படம் எடுக்க வெளிச்சம் வேண்டி, தன் டார்ச்சை நல்ல விமானத்துக்குள் கண்ணாடியை ஒட்டி நிறுத்தினார். அது இரும்பில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரகம். மெக்கானிக் பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"காந்தத்தைக் கொண்டுபோய் காம்பஸ் பக்கத்துல வைக்கிறீங்களே! வெளியிலேயே வச்சுட்டு வாங்க. இங்கே நான் காந்த ஸ்க்ரூடிரைவர்கூட விடறதில்லை."

துப்பறிவாளர் மெல்லக் கேட்டார்: "டேப்பை அவர் எங்கே வச்சுப்பார்?"

"இதோ, மேலே, கண்ணாடிக்குக் கீழே. ரப்பர் ஸ்டாண்டுல. மூடி நாக்கு மாதிரி முன்னால தொங்கும்."

துப்பறிவாளர் தார்ப்பாயை விலக்கி, நசுங்கிய முகப்பில் ஒரு டயலைக் காட்டிப் படமெடுக்கச் சொன்னார். அவளுக்காக விளக்கமும் சொன்னார். பறக்கும்போது காம்பஸ் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் அதைப் பார்த்து இந்த டயலைக் கையால் சரிசெய்து வைத்துக்கொண்டு, பிறகு டயலைப் பார்த்தே ஓட்டுவார்கள். மோதிய வேகத்தில் டயல் இறுகி நின்றுவிட்டிருந்தது.

"என்ன காட்டுது?"

"கிழக்கு" என்றார் லென்ஸ். "ஆனா மலையில மரங்கள் முறிஞ்ச வரிசை தென்கிழக்கேல்ல போகுது? விபத்து நடந்தப்போ பத்திரிகைக்கு நான்தானே படம் எடுத்தேன். அப்போ டயல் ரிப்பேர்!"

மெக்கானிக் பல்லைக் கடித்தார்.

"இறக்கையில வேகம் குறைக்கிற தட்டு கொஞ்சம் சாய்ஞ்சிருக்கே?" என்றார் துப்பறிவாளர்.

"இறங்க ஆரம்பிச்சா முதல்ல அவ்வளவுதான் சாய்ப்பார். அது அவர் பழக்கம்."

"அந்த மலையூர்ல விமானம் இறங்க இடம் இருக்கா?"

"மாட்டு வண்டி திரும்பவே இடம் கிடையாதுங்க."

துப்பறிவாளர் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மத்தியானம் உங்க கொழுந்தனையும் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் நல்ல வெயில். நல்ல விமானத்தை வெட்டவெளியில் கிழக்கு பார்த்து நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, டேப்லெட்டை அதே ரப்பர் ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தார்கள். மூடியைப் பொருத்தித் தொங்கவிட்டிருந்தார்கள். கொழுந்தன் யார் முகத்தையும் பார்க்காமல் தள்ளி நின்றான்.

"வாங்க தம்பி. நீங்கதான் இன்னிக்கு பைலட்" என்றார் துப்பறிவாளர். "உள்ளே உட்காருங்க. காம்பஸ் என்ன சொல்லுது?"

"கிழக்குன்னு."

"டேப்?"

"அணைஞ்சு கிடக்குங்க. ரொம்பச் சூடாயிருக்கு."

"யார் அணைச்சது?"

கொழுந்தன் விழித்தான். "யாரும் அணைக்கலை."

"அன்னைக்கும் யாரும் அணைக்கலை."

லென்ஸால் பொறுக்க முடியவில்லை. "மேடம், அன்னைக்கு மப்பும் மந்தாரமும். இந்த அம்மா வீட்ல துணிகூடக் காயலைன்னாங்க. வெயில் ஏது?"

"மேகம் நமக்கு மேலே இருந்துச்சு, லென்ஸ். அவருக்குக் கீழே இருந்துச்சு. அவர் தலைக்கு மேலே உச்சி வெயில். கீழே வெள்ளைக் கம்பளம் விரிச்ச மாதிரி. ஊர், ஆறு, ரோடு, ஒண்ணும் தெரியாது. வழி சொல்லிட்டிருந்த டேப் சூடாகி அணைஞ்சுபோச்சு. அப்போ என்ன செஞ்சிருப்பார்?" அவர் அவளைப் பார்த்தார். "நீங்களே சொல்லியிருக்கீங்க."

அவள் தொங்கும் மூடியைப் பார்த்தாள். "போர்வை போத்தியிருப்பார்."

"செய்ங்க தம்பி. மூடியைத் தூக்கி மூடுங்க."

கொழுந்தன் மூடினான். மூடியின் விளிம்பு 'டப்'பென்று திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த ஓரத்துக்கு ஒரு விரல்கடை தள்ளித்தான் காம்பஸ் இருந்தது. விமானம் அசையாமல் நிற்க, காம்பஸுக்குள் மிதந்த வட்டத்தின் திசை எழுத்துகள் மெதுவாக நகர்ந்தன. கிழக்கு, காம்பஸ் கண்ணாடியின் நடுவை விட்டு விலகிப்போய், வடகிழக்கு வந்து நின்றது.

"ஐயோ" என்றார் மெக்கானிக். "அது துணி மூடின்னுல்ல நெனச்சேன்!"

"துணிக்குள்ள காந்தம் தச்சிருக்கு. ஊக்கு ஒட்டிக்கிட்டு வந்தப்போதே பார்த்தேன். திறந்து தொங்கும்போது காந்த விளிம்பு எங்கேயோ கீழே. அதனால பாதி வழி வரைக்கும் தொல்லை இல்லை. மூடினதும் நேரா காம்பஸுக்குப் பக்கத்துல வந்துடுச்சு. டேப் போச்சு, சரி, பழைய காம்பஸை நம்புவோம்னு அவர் முறைப்படிதான் செஞ்சார். அதைப் பார்த்து, வடகிழக்கே போறோம்னு நெனச்சு டயலைத் திருத்தினார். டயல் கிழக்குன்னு சொல்ற வரைக்கும் விமானத்தைத் திருப்பினார். உண்மையில அது தென்கிழக்கு. ரேடியோல கூப்பிட்டும் இருப்பார். மலைக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டா இங்கே கேட்காது. வீட்டுக்கு வந்து சேர வேண்டிய நேரம் ஆனதும், கீழே நம்ம ஊர் வயல்தான்னு தட்டைச் சாய்ச்சு மேகத்துக்குள்ள இறங்கினார்."

துப்பறிவாளர் தொடர்ந்தார்: "மலையில எடுத்தப்போ டேப் மூடின மூடியோட தெறிச்சு, காம்பஸை விட்டுத் தள்ளிக் கிடந்திருக்கு. காம்பஸைத் தனியா சோதிச்சாங்க, சரியா இருந்துச்சு. டேப்பைத் தனியா பார்த்தாங்க, அணைஞ்சிருந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்க யாருக்கும் தோணலை."

லென்ஸ் மூடியை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"அப்போ அவர்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தார்மா. கடைசி வரைக்கும் டயல்ல கிழக்குதான் இருந்துச்சு."

கொழுந்தன் இறங்கி வந்தான். வாய் கோணியது. "அண்ணி, நான் போனை அணைச்ச மாதிரின்னு சொன்னேன்ல... அண்ணனைப் போய் அப்படிச் சொன்னேன்ல..."

"நீங்க சொன்னீங்க தம்பி. நான் நம்பினேன். உங்களைவிட அவரை எனக்குத்தானே நல்லாத் தெரியும்?"

மெக்கானிக் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். "தினமும் அந்த மூடி தொங்கறதைப் பார்த்துக்கிட்டே கதவைச் சாத்துவேன்மா. தொட்டுப் பார்த்திருந்தா என் கையில இருந்த ஸ்பானரே சொல்லியிருக்கும்."

அவரை யாரும் தேற்றவில்லை. தேற்றும் நிலையில் யாரும் இல்லை. துப்பறிவாளர் மட்டும் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முகம்கூடக் கழுவாமல், மருந்துக்கடைக்குப் போன் செய்தாள். தான் யாரென்று சொன்னாள். டேப்லெட் சூடானது, மூடி, காந்தம், காம்பஸ் என்று ஒன்றுவிடாமல், முன்னும் பின்னுமாகச் சொன்னாள். "அவர் உங்களைப் பார்க்க வரலைங்க. எங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தார். உங்களை நான் அத்தனை பேர் முன்னால அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

மறுமுனையில் ஏதோ டப்பாவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"சரிங்க" என்றாள் அந்தப் பெண். பிறகு, "கடையில ஆள் நிக்கிறாங்க. வச்சிடறேன்."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மன்னித்தேன் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு, சுவரில் ஆணி அடிக்க இடம் பார்த்தாள். குட்டி எங்கிருந்தோ ஓடிவந்து, எதற்கு என்று கேட்காமலேயே முக்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது மாடிக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து வந்தது. மேற்கிலிருந்து வரும் விமானங்கள் எல்லாமே அந்த வீட்டுக்கு மேலே வந்துதான் ஓடுதளத்தைப் பார்த்துத் திரும்புகின்றன; இப்போதும் அப்படித்தான்.